பொட்டலத்தில் இல்லாத எஞ்சின்

சொந்தங்கள் எல்லோருக்கும் ஆட்டையாம்பட்டியிலிருந்து பாவாயி எழுதுவது.

அன்று காலையில் நான் போனில் இந்தக் குழுவில் நம் பிள்ளைகளின் சேதியைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய மகனின் மகள் தர்ஷினிக்குச் சென்னையில் கார் கம்பெனியில் பதவி உயர்வு. அவள் தம்பி பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல். சின்ன மகனின் மகள் கபடியில் மாநில அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். என் மகள் வயிற்றுப் பேரன் ராசிபுரத்தில் சொந்தமாக, போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறை திறந்துவிட்டான். அஞ்சாவது வரை படித்தவள் நான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி இதையெல்லாம் போட்டு முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். போட்டதும் முதல் பதில் சங்ககிரியிலிருந்து வரும், குரலாகவே வரும். "சந்தோசமுங்க நங்கை. ஊர்க்கண்ணு பட்டுப்போகும், புள்ளைகளுக்குச் சுத்திப் போடுங்க." என் வீட்டுக்காரரின் தங்கை ருக்குமணி. அண்ணன் மனைவியான என்னை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று குரல் வரவில்லை. அவள் மகன் கார்த்தி ஒரே வரி போட்டிருந்தான். "அம்மா போய்ட்டாங்க அத்தை." விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

எல்லோரும் வந்து அழுதீர்கள். எல்லோரும் நல்லவிதமாகவே பேசினீர்கள். ஆனால் பந்தலில் ஒரு பேச்சு காதோடு காதாக ஓடியது. அது என் காதுக்கும் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முழுதும் படியுங்கள்.

ருக்கு சங்ககிரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அந்த வீட்டில் லாரிகள் இருந்தன, லாரிக் கடனும் இருந்தது. மாப்பிள்ளை சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அதற்குப் பிறகு லாரி ஆபீஸ் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். டிரைவர்களை 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் பொய் சொன்னால், "ஏஞ் சாமி, டயர் வெடிச்சுதுன்னு சொல்ற, எந்த டயருன்னு நீ இன்னும் முடிவு பண்ணலையா?" என்று கேட்டு ஆளைச் சுருட்டிவிடுவாள். கார்த்தி தலையெடுத்து ஆபீஸைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

டவுனில் பணக்காரர்கள் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பங்களாவின் கார் கொட்டகையில் கிடந்த வெளிநாட்டு வண்டி அது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக ஒட்டி நிற்கும். சிவப்புப் பெயிண்ட் வெளுத்துப் போயிருந்தது. எஞ்சின் உள்ளே இறுகிப் போய்ச் சுற்றவே இல்லை. பாகமும் எங்கும் கிடைக்காது என்றார்கள். அதை லாரி மேல் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏம்மா ருக்கு, இதுல ஒரு மூட்டை அரிசி வெக்க எடமில்லையே?" என்றார்.

"அதுக்குத்தானுங்கண்ணா வாங்கினேன்" என்றாள் அவள். "கண்ணாலம் ஆனதுலேர்ந்து லோடு ஏத்தற வண்டியவே பாத்துட்டேன். எதையும் ஏத்தாத வண்டி ஒன்னு எனக்கு வேணுமுங்க."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவள் சொன்னது நிசம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு எந்த எஞ்சின் வைப்பது என்ற பேச்சு வந்தது. நம் சொந்தத்தில் லாரி, ரிக், டிராக்டர் இல்லாத வீடு ஏது? ஆளுக்கு ஒரு எஞ்சின் சொன்னார்கள். புதுச் சின்னக் காரின் எஞ்சினைத் தூக்கி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மெக்கானிக் செங்கோட்டுவேலு தலையாட்டிவிட்டார். "அதெல்லாம் முன்சக்கரத்த இழுக்கற எஞ்சினுங்க, குறுக்க படுத்திருக்கும். இது பின்சக்கரம் தள்ளற வண்டி, நம்ம லாரியாட்ட. எஞ்சின் நீளவாக்குல நிக்கோணும், பின்னாடி ஷாஃப்டு போகோணும்." லாரி மாதிரி என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதன் பிறகு எல்லோர் வாயிலும் டீசல் எஞ்சின்தான். இழுவை இருக்குமா, மலை ஏறுமா, பாகம் சங்ககிரியில் கிடைக்குமா என்று இவைதான் கேள்விகள். பெட்ரோல் எஞ்சின் வைத்தால் என்ன என்று ருக்கு ஒரு தடவை கேட்டாள். "அதுல என்னம்மா இழுவை இருக்குது?" என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் விட்டுவிட்டாள். அண்ணன் பேச்சை எதிர்த்து அவள் பேசி நான் பார்த்ததில்லை.

கடைசியில் இரண்டு எஞ்சின்கள் நின்றன. ஒன்று ஜீப்பின் டீசல் எஞ்சின், இன்னொன்று பிக்கப் வண்டியின் டீசல் எஞ்சின். ஜீப் கட்சி, பிக்கப் கட்சி என்று சண்டை முற்றியதால், வழக்கம்போல் குலதெய்வத்திடம் பூக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, நிலம் வாங்குவதோ, நாம் பூக் கேட்காமல் செய்வதில்லை. என் வீட்டுக்காரர் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் வெள்ளை அரளியை ஓர் இலையிலும் வைத்துப் பொட்டலம் கட்டினார். சிவப்பு வந்தால் ஜீப், வெள்ளை வந்தால் பிக்கப். சாமி முன்னால் வைத்துப் பூசாரி தீபம் காட்டினார். கும்பிட வந்த யார் வீட்டுப் பெண் குழந்தையோ ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் சிவப்பு. ஜீப் கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். ருக்கு கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். வேண்டுகிறாள் என்று நினைத்தேன்.

ஜீப் எஞ்சினை உள்ளே இறக்கியதும் பானட் மூடவில்லை. எஞ்சின் அவ்வளவு உயரம். பானட்டை வெட்டி, மேலே தகரத்தில் திமில் மாதிரி ஒன்று வைத்து மூடினார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்கும். டீக்கடையில் ஒருவன், "அக்கா, இது காருங்களா, டிராக்டருங்களா?" என்று கேட்டிருக்கிறான். "கலப்ப மாட்டல சாமி, அவ்ளோதான் வித்தியாசம்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அந்த வண்டியில் ஒரு நாள் ஆட்டையாம்பட்டிக்கு வந்து என்னைக் கூட்டிப்போனாள். நம் வீட்டுக் கார்களில் நான் எப்போதும் பின்சீட்டில், மடியில் ஒரு பிள்ளையும் காலடியில் பையுமாக உட்கார்ந்து போகிறவள். இந்த வண்டியில் பின்சீட்டே இல்லை. அவளுக்குப் பக்கத்தில், ரோடு முழுதும் கண் முன்னால் விரிய உட்கார்ந்தேன். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். அவள் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை. வளைவு வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்பினாள். முன்பாரம் அழுத்தி, வண்டி திரும்பாமல் நேராகப் போகவே பார்த்தது. அவள் முழங்கை வரை அதிர்ந்தது. சங்ககிரி மலை தெரிகிற இடத்தில் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினாள்.

"ஏன் ருக்கு, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒன்னுமில்லீங்க நங்கை. இது நல்ல எஞ்சினுதான். ஒரு மலையவே இழுத்துட்டு வரும். நான் எந்த மலைய இழுத்துட்டு வாரேன்னு சொன்னேன்?"

"சாமி கொடுத்த பூவாச்சே."

"சாமி மேல குத்தமே இல்லீங்க. சாமிகிட்ட ரெண்டு பொட்டலம் வெச்சாங்க, அது ஒன்ன எடுத்துக் கொடுத்துது. நான் ஆசப்பட்டது பொட்டலத்துலயே இல்லீங்களே, சாமி என்ன பண்ணும்?"

ஒரு பொம்பளை தன் சம்பாத்தியத்தில், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஊரே கூடிப் பேசியது. அவளிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வண்டியை அவள் மேலும் பல காலம் ஓட்டினாள், பூவுக்கு மரியாதையாக. பிறகுதான் தர்ஷினியிடம் போனில் பேச ஆரம்பித்தாள். என் பேத்தி சாயங்காலமானால், "அத்தைப்பாட்டி இன்னைக்கு என்ன கேட்டாங்க தெரியுமா அப்பாயி?" என்று எனக்குக் கூப்பிட்டுச் சொல்வாள். எஞ்சின் எவ்வளவு எடை, முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்காருமா, அதன் கியர்பாக்ஸ் கூடவே வருமா, கியர்கம்பி சரியாகக் கைக்குக் கீழே வந்து நிற்குமா என்று கேட்பாளாம். இழுவையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையாம். பார்த்துப் பார்த்து, பின்சக்கரம் தள்ளும் ஒரு பெரிய காரிலிருந்து கழற்றிய பெட்ரோல் எஞ்சினைப் பிடித்தார்கள். அலுமினியத்தில் செய்தது, எடை குறைவு. கோயம்புத்தூரில் பழைய வண்டி பிரிக்கும் இடத்தில் இருந்தது.

அதை வாங்குவதற்கு முன் ருக்கு செய்த வேலையைக் கேளுங்கள். ஜீப் எஞ்சினைக் கழற்றி இறக்கிவிட்டு, ஜவ்வரிசி வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி, புது எஞ்சினின் நீள அகல உயரத்துக்கு ஓர் அட்டை எஞ்சின் செய்தாள். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். இருவருமாக அதை உள்ளே இறக்கி, திமில் வைத்த பழைய பானட்டைத் தள்ளிவிட்டு, தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்த வேறு பானட்டை மெல்ல மூடினோம். இடிக்காமல் மூடியது.

"இந்த எஞ்சின்தானுங்க நங்கை நல்ல எஞ்சின். எண்ணெயே குடிக்காது!" என்று பானட்டைத் தட்டிச் சிரித்தாள். நானும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தேன். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

நிசமான எஞ்சின் வந்து இறங்கியது. செங்கோட்டுவேலு தாங்கிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் வண்டிக்குள் இறங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

பந்தலில் ஓடிய பேச்சு இதுதான். "பூ வாக்க மீறிட்டா, அதான் சாமி கூப்பிட்டுக்கிச்சு." இதைக் கேட்டுக் கார்த்தி பயந்துவிட்டான். பட்டறை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டான். பழைய ஜீப் எஞ்சினையே திரும்ப வைத்து, வண்டியைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். பெற்ற தாயைப் பறிகொடுத்த பிள்ளை, அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேசியவர்களிடம் கேட்கிறேன். ருக்குவின் நெஞ்சு பல வருஷமாகவே சரியில்லை, மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எதையுமே கேட்காமல் கும்பிட்ட ஒரு பொம்பளையைச் சாமி ஒரு பெட்ரோல் எஞ்சினுக்காகக் கோபித்துக்கொள்ளுமா? நாம் கும்பிடுகிற சாமியை நாமே இவ்வளவு சின்னதாக்கலாமா?

காரியம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்காரரும் நானும் சங்ககிரியில்தான் இருந்தோம். அவர் தனியாகக் கார் கொட்டகைக்குள் போனார். வெகுநேரமாகியும் வராததால் போய்ப் பார்த்தேன். தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, அந்த அலுமினிய எஞ்சின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாவாயி, அன்னைக்குப் பொட்டலம் கட்டினது நான்தான்" என்றார். "உள்ள எதை வெக்கறதுன்னு அவளை ஒரு வார்த்தை கேக்கல."

தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார். "கார்த்திகிட்ட சொல்லு. என் தங்கச்சி எடுத்து வெச்ச எஞ்சினையே மாட்டச் சொல்லு. பூவு கேட்டதுக்குப் பொறுப்பு நான்தான். தோசமுன்னு ஒன்னு இருந்தா அது எங்கிட்ட வரட்டும்."

நம் குடும்பத்துக்குப் பெரியவர் அவர். அவருக்குப் போனில் எழுத்துத் தட்டத் தெரியாது என்பதால் அவர் சொன்னதை நான் தட்டிப் போட்டுவிட்டேன். இனிமேல் இதில் யாருக்கும் வேறு பேச்சு வேண்டாம்.

ருக்குவிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தீட்டு கழிந்ததும் பழனிக்குப் போவதா, மருதமலைக்குப் போவதா என்று எங்கள் வீட்டில் போன வாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. "ரெண்டும் வேண்டாம், திருச்செந்தூர் போலாம். எனக்குக் கடல் பாக்கோணும்" என்றேன். பெரியவன் திரும்பி, "ஏம்மா, இத்தனை வருசமா இதைச் சொல்லவே இல்லையே?" என்றான். ஆமாம், சொல்லவில்லை. இனிமேல் சொல்வேன். அதுதான் அவளிடமிருந்து எனக்கு.

கார்த்தி, செங்கோட்டுவேலுவை நாளைக்கே வரச் சொல் சாமி. தர்ஷினி, லீவு போட்டு வந்து வயரிங்கைக் கிட்ட இருந்து பார்த்துக்கொள் கண்ணு. இந்தக் குழுவில் இப்போது ருக்கு என்று இருப்பது மாலை போட்ட படம் ஒன்றுதான், அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எஞ்சினை மாட்டி வண்டி ரோட்டுக்கு வந்ததும், வெளிச்சமாக, வண்டி முழுதும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். காத்திருக்கிறேன்.