மனுவின் ஓரத்தில் என் சுருக்கொப்பம்

பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் நான் ஆங்கில இலக்கணம் கற்பித்துவந்த காலம். 'ஆல்தோ' என்று வாக்கியத்தைத் தொடங்கிவிட்டுப் பின்பாதியில் 'பட்' என்றும் எழுதும் மாணவனை மணி அடிக்கும்வரை பெஞ்சின்மேல் நிறுத்திவைப்பேன். 'இருந்தாலும்', 'ஆனால்' - இரண்டில் ஒன்றே போதும். பள்ளியைப் பார்வையிட வந்த சப்கலெக்டர் துரை இந்தக் கண்டிப்பை என் வகுப்பிலேயே பாராட்டிச் சென்றிருந்தார்.

அடுத்த மாதம், புரட்டாசியில், சீவலப்பேரி விவசாயிகள் இருவர் ஒரு தாளுடன் என் வீட்டுக்கு வந்தனர். அவர்களுடைய வாய்க்கால் மதகு இடிந்து கிடந்தது. பிசானப் பருவ நெல் நடவுக்குமுன் அதைச் செப்பனிட உத்தரவு வேண்டும். பாளையங்கோட்டையில் முகாமிட்டிருந்த துரை அன்று மாலையே முகாமைக் கலைத்துப் புறப்படவிருந்தார். அக்கால வழக்கப்படி, வெற்றுத்தாளின் கீழ்ப்பாதியில் ஊரார் அனைவரும் முன்னதாகவே கைநாட்டு வைத்திருந்தார்கள். மேற்பாதியில் மனுவை ஆங்கிலத்தில் எழுதவேண்டியது என் பொறுப்பு.

எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். 'ஆல்தோ சர்க்கார் மதகைப் பார்வையிட்டது' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே, என் கையெழுத்திலேயே, 'பட்' நின்றது. வகுப்பின் கரும்பலகையில் பார்த்திருந்ததால் என் கையெழுத்தைத் துரை அறிவார். புதுத்தாளில் எழுதலாமென்றால், ஊருக்குப் போய்க் கைநாட்டு வாங்கிவர நேரமில்லை. சொல்லை அடித்தால் ஓரத்தில் பெயரின் முதலெழுத்தால் சுருக்கொப்பம் இடுவது முறை. இட்டால், பிழை என்னுடையதென்று நானே அறிவித்ததாகும். சுரண்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. பேனாக்கத்தியை எடுத்தேன்.

"கத்திய எதுக்குய்யா எடுக்கிய?" என்றார் மூத்தவர். "போன மனுவ, சுரண்டுன தாளுன்னு சொல்லித்தான குமாஸ்தா எங்க மூஞ்சில எறிஞ்சான்!"

"சும்மா கெடயும் வே," என்றார் மற்றவர். "ஐயா பென்சில் சீவப் போறாவ. படிச்சவுகளுக்குத் தெரியாதா?"

கத்தியின் முனை அந்தச் சொல்லின்மேல் இருந்தது. கீழே, மை உலர்ந்த கைநாட்டுகள்.

"ஐயா, பொழுது சாயுது," என்றார் மூத்தவர்.

கத்தியை மடித்து வைத்தேன். 'பட்'டை ஒரே கோட்டால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே இருவரும் வந்தார்கள்.

"மதகுக்கு உத்தரவு ஆயிட்டுய்யா! ஓரத்துல நீங்க போட்ட எழுத்தத் தொட்டுப் பாத்து, துரை ஒரு சிரிப்புச் சிரிச்சாவ பாருங்க! அவுக உங்களுக்கு ரொம்பப் பழக்கமோ?"

"பழக்கந்தான்," என்றேன்.