வடகடலில் ஓர் ஓட்டை, கல்லாற்றில் ஒரு போத்தல்

செய்மதிப் படத்தில் கடலைப் படிப்பவர்கள் உண்மையில் படிப்பது பெரும்பாலும் முகிலைத்தான். முகிலுக்கு மனம் வந்தால் எப்போதாவது கடலும் கொஞ்சம் தெரியும். ஆண்டின் பாதி பனி மூடிக் கிடக்கும் வடகடல்களில் சேதனக் காபன், அதாவது இலைதழை மக்கிக் கரைந்த காபன், எவ்வளவு என்று, செட்டிபாளையத்து வீட்டு முன்னறையில் லப்டொப்பை விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பது என் வேலை. வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்றுக்காகச் செய்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்து, "சும்மாதானே இருக்கிறாய், இந்த மிளகாயைக் கொஞ்சம் காயப்போடு" என்ற பேச்சைக் கேட்ட எல்லாரும் என் இனம். உங்களுக்குத்தான் இதன் அருமை விளங்கும்.

பனிக்கடலில் என்ன வேலை?

கல்யாணமாகி வந்த புதிதில் மாமிக்கு என் தொழிலை விளக்கப் போனேன். வடக்கே உறைந்த நிலத்துக்குள் காலங்காலமாக இலைதழை மக்காமல் கிடக்கிறது, சூடு கூடக்கூட அது இளகுகிறது, ஆறுகள் அதை ஊறவைத்துக் கொண்டுபோய்க் கடலில் ஊற்றுகின்றன, தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறமாகிவிடுகிறது, சாயம் கூடினால் காபனும் அதிகம் என்று அர்த்தம், செய்மதி மேலேயிருந்து சாயத்தைப் பார்த்துச் சொல்கிறது. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

மாமி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னா: "அந்தத் தண்ணிய நீ இஞ்சருந்து பாக்கிறாய் எண்டா, அங்க ஆருக்கும் கண்ணு தெரியாதா புள்ள?"

தயாளனின் கண்டுபிடிப்பு

குழுவில் என்னோடு வேலை செய்யும் தயாளன் பனிச்சங்கேணிக்காரன். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே கதை சொல்லிக்கொண்டு இறங்குவான். ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து படமொன்றைக் காட்டினான். மிதக்கும் பனிக்கட்டி ஒவ்வொன்றையும் சுற்றி, காபன் குறைந்த தண்ணீர் ஒரு வளையமாகத் தெரிந்தது. பனிக்கட்டி கடலை வடிகட்டுகிறது, உலகத்தில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை என்று துள்ளினான்.

இந்தத் தொழிலில் எல்லாரும் ஒருமுறை விழுகிற கிடங்கு அது. பனிக்கட்டியின் வெள்ளை வெளிச்சம் பக்கத்துத் தண்ணீரின் மேலும் சிந்துகிறது. செய்மதி அதையும் தண்ணீரின் வெளிச்சம் என்று நம்பி, சாயம் குறைவு என்று எழுதிவிடுகிறது. நான் விளக்கியதும் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, பெருமூச்சு விட்டான். "அக்கா, நான் நேத்து ராவே அம்மாட்டச் சொல்லிட்டன். அவ கோயிலுக்கு நேந்தும் வெச்சிட்டா."

ஓட்டை

எங்கள் குழுத் தலைவியின் பெயர் இங்ரிட். அவ பேசுவது ஆங்கிலம், நான் தருவது தமிழ். நல்ல மனுசி, ஆனால் கல்லு. வடகடலின் காபன் வரைபடம் முடியும் கட்டத்தில் இருந்தது. அதில், பெரிய ஆறொன்று கடலில் விழும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு கோடையும் வெறும் ஓட்டை. 'பழுதான தரவு' என்று கணினி வெட்டி எறிந்திருந்தது.

எனக்கு அது பழுதாகப் படவில்லை. செய்மதிக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு காற்றினுடையது. அதைக் கழித்தால்தான் கடலின் நிறம் மிஞ்சும். கடுஞ்சாயத் தண்ணீர் நீல வெளிச்சத்தை அடியோடு விழுங்கிவிடும். அதனால் கழிக்கும்போது மிச்சம் பூச்சியத்துக்கும் கீழே போய்விடுகிறது. இப்படியும் நடக்குமா என்று கணினி மிரண்டு எல்லாவற்றையும் வெட்டுகிறது. அதாவது, காபன் ஆகக் கூடிய இடத்தைத்தான் நாங்கள் 'ஒன்றும் இல்லை' என்று காட்டிக்கொண்டிருந்தோம்! அந்த வெட்டை நிறுத்தி மற்ற நிறங்களை வைத்துக் கணக்கிட ஒரு திருத்தம் எழுதினேன். வரைபடம் வெளியாகுமுன் அது ஏறாவிட்டால், ஓர் ஆறு முழுவதும் கணக்கில் இல்லாமல் போகும். என் உழைப்பும் அதோடு போகும். திருத்தத்தைச் சரிபார்க்க அந்த இடத்தில் அளந்த தண்ணீரோ ஒருவரிடமும் இல்லை, பனி காரணமாகக் கப்பல் அந்தப் பக்கம் போனதே இல்லை.

திருத்தத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லி வீடியோ அழைப்பில் மன்றாடினேன். இங்ரிட் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னா: "உன் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நம்பிக்கையைப் போத்தலில் அடைத்து அளக்க முடியாதே."

வானத்தில் போகிறவர்

போத்தலில் மொள்ளக் கடுஞ்சாயத் தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, எங்கள் பக்கத்துப் பெரியகல்லாறு ஞாபகம் வந்தது. மாரி பெய்து வாவி நிறைந்தால், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டினால்தான் வயல் வட்டைக்குள் நிற்கும் வெள்ளம் வடியும். மீன்பிடிக்காரருக்கோ இறால் போய்விடும் என்ற கவலை. ஒவ்வொரு மாரியும் இதற்கொரு கூட்டம், இதற்கொரு சண்டை. வெட்டின அன்று, சருகும் புல்லும் ஊறின கறுப்புத் தண்ணீர் நீலக்கடலுக்குள் பாயும். பழைய வெட்டு நாட்களின் செய்மதிப் படங்களைத் தேடி எடுத்தேன். கல்லாற்று வாயிலும் அதே ஓட்டை! எங்கள் வாவியையும் கணினி பழுது என்று வெட்டியிருந்தது.

அடுத்த வெட்டுக் கூட்டத்துக்குப் போனேன். செய்மதி முற்பகலில் எங்களுக்கு மேலே போகும், அதற்குள் கறுப்புத் தண்ணீர் கடலில் பரவியிருக்க வேண்டும், ஆகவே திங்கள் விடிந்ததும் வெட்டினால் உதவி என்று எழுந்து நின்று கேட்டேன். வயல்காரர் பக்கத்தில் இருந்த வட்டை விதானை, வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பானவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். நல்லகாலம், திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஏழரைக்கு. எப்படியும் அதற்கு முன்னம் வெட்டத்தான் அவரும் நினைத்திருந்தாராம். "ராகுகாலம் பாத்து வெட்டியிரிக்கம், வெள்ளம் பாத்து வெட்டியிரிக்கம். மேலால போறவருக்கு நேரம் பாத்து வெட்டுறது இதுதான் முதல்தரம்."

குணமண்ணனின் வள்ளம்

திங்கள் காலை கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து வெட்டினார்கள். நானும் தயாளனும் மீன்பிடிக்காரர் குணமண்ணனின் வள்ளத்தில் கடற்பக்கம் காத்திருந்தோம். கறுப்புத் தண்ணீர் குமுறிக்கொண்டு வந்தது, வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு முகில் மூடினால் அடுத்த வெட்டு அடுத்த மாரிக்குத்தான், அதற்குள் வரைபடம் வெளியாகிவிடும்.

செய்மதி வரும் நேரம் கிட்டியது. வாடைக்காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. முகில் விலகி, எங்கள் தலைக்கு மேல் பளிச்சென்று நீலம்! நான் வள்ளத்தில் எழும்பிக் கத்தினேன். தயாளன் கறுப்பிலும் நீலத்திலும் இரண்டும் கலந்த விளிம்பிலும் போத்தல் போத்தலாக மொண்டான். குணமண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வானத்தைப் பார்த்துத் தலைமுடியைக் கையால் வாரிக்கொண்டார். "படம் எடுக்கிற எண்டா முதல்லயே சொல்லப்படாதா தங்கச்சி, நல்ல சேட் ஒண்டு போட்டுட்டு வந்திரிப்பனே."

கப்பலில் இருந்து

ஆய்வுகூடத்தில் அளந்த எண்ணும் என் திருத்தம் சொன்ன எண்ணும் தோளோடு தோள் உரசி நின்றன. பழைய முறையில் அந்த இடம் வழமைபோல் ஓட்டைதான். இங்ரிட் அப்போதும் இலேசில் இளகவில்லை. வெப்பக்கடல் வேறு, குளிர்க்கடல் வேறு என்று குடைந்து குடைந்து கேட்டா. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கடைசியில் வடகடல் வரைபடத்தின் ஓட்டை அடைபட்டது, ஆனால் 'சரிபார்க்க வேண்டியது' என்ற குறிப்போடு. அந்தக் கோடையில் பனி விலகிய இடைவெளியில் கப்பலை அங்கேயே கொண்டுபோகிறேன் என்றா.

கொண்டும் போனா. கப்பலிலிருந்து அழைப்பு வந்தபோது எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. திரையில் இங்ரிட், தடித்த அங்கி, சிவந்த மூக்கு, கையில் ஒரு போத்தல். உள்ளே நல்ல கடுஞ்சாயம். கப்பலிலேயே அளந்துவிட்டார்களாம், என் எண் பொருந்திவிட்டதாம், குறிப்பை எடுத்துவிடச் சொல்லிவிட்டாவாம். நான் சோற்றுக்கையோடு எழும்பி முன்னறையைச் சுற்றி ஓடினேன். வெட்கமே இல்லை, அவ்வளவு சந்தோசம். பின்னால் மாலுமிகள் கை தட்டுவது கேட்டது. இங்ரிட் போத்தலைக் கமெராவுக்குப் பக்கத்தில் பிடித்தா. "இந்தக் கடலில் ஒருநாளும் கால் நனைக்காத பெண் சொன்ன இடம் இது என்றேன், கப்டன் நம்பவில்லை. இப்போது அடுத்து எங்கே போகலாம் என்று உன்னைக் கேட்கச் சொல்கிறார்."

பிறிஜ்ஜைத் திறந்து இரண்டு நிமிடம் நின்றாலே தும்முகிற நான், பனிக்கடலில் கப்பலுக்கு வழி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன் என்றால், இந்தத் தொழிலில் இனி என்னதான் நடக்காது!