கறுத்துப்போன ஆவாரம்பூ

மாசியில் ஆம்பூருக்கு மேலே மலையேறினேன். கேமரா பெட்டியைச் சுமந்து வந்தவர் தோல் பதனிடும் தொழிலாளி. தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டைச் சாறு ஏறிச் சிவந்த கைகள். ஒரு பூவைக்கூட மிதிக்காமல் நடந்தார். மலைத்தொடர் முழுக்கத் தெரிந்த ஓரிடத்தில், ஆவாரம்பூ மண்டிய மேட்டைக் காட்டினார்.

"இத்த ஒரு படம் புடிங்க சார்."

"நீங்க பக்கத்துல நில்லுங்க."

"நான் வேணாம். எம் பொண்ண இங்கதான் பொதைச்சோம். அவ அம்மாவால இனிமே மலையேற முடியாது. அவளுக்குக் காட்டணும்."

பத்து நாள் கழித்துப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் காலத்துக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் மஞ்சள் நிறம் கறுப்பாகத்தான் விழும். வெகுநேரம் பார்த்தார்.

"பூவெல்லாம் கருகின மாதிரி கீதே சார்."

மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல. மஞ்சளா பூத்துக் கீதுன்னு அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அந்த அம்மாள் நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.