கண்ணை மூடி ஒரு ‘ம்’

ஜெலாப்பாங்கில் கிளினிக் வைத்திருந்த அந்தக் குள்ள டாக்டரிடம் வயிற்றுவலி என்றால் போதும். கண்ணை மூடி ‘ம்’ என்பார், வேலைக்கு லீவு போட எம்சி சீட்டு எழுதித் தந்துவிடுவார். பொய்வலியோடு நானே பலமுறை போயிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் சம்பளமில்லாத தொகுப்பாளராகிவிட்டார். ஆதாரமில்லாத வரியைக் கண்டால் அதே ‘ம்’. அடுத்த நொடி வரி இருக்காது.

ஒருநாள் ஒட்டுக்கடையில் அவரோடு தேநீர் குடித்தபடி, அவர் தான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி அந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதியிருந்த பக்கத்தைக் கைப்பேசியில் தேடினேன். காணோம்.

“யாரு டாக்டர் அழிச்சது?”

“நான்தான் லா. ஆதாரம் இல்ல.”

“நீங்க அங்கதானே பொறந்தீங்க?”

“பொறந்தவன் சொன்னா செல்லாது. பேப்பர்ல, புத்தகத்துல வந்திருக்கணும்.”

“அப்ப என் வயித்துவலிய மட்டும் எப்படி நம்புனீங்க?”

கண்ணை மூடினார். “ம். யாரு நம்புனா?”