கயிறு வழியாக இறங்கும் பயம்

நாயைப் பழக்குகிற வேலையில், நாய் கடித்துவிடுமோ என்ற பயத்தைவிடப் பெரிய பயம், நாம் பயப்படுவது நாய்க்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான். யோசிக்காமல் கை தூக்கிவிட்டு அப்புறம் திருதிருவென்று முழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு புரியும்.

நானே கை தூக்கினேன்

துபாயில் எங்கு பார்த்தாலும் கிரேன் நின்ற காலம். அங்கே அல் கூஸ் பகுதிக் குடோன்களுக்குக் காவலாள் அனுப்பும் கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்திருந்தேன். "வீட்டில் நாய் வளர்த்தவர்கள் யார்?" என்று ஒருநாள் கேட்டார்கள். கேட்டில் வெயிலில் நிற்பதற்குப் பதில் நிழலில் ஏதாவது கிடைக்கும் என்று கை தூக்கினேன். எங்கள் வீட்டில் கோழிகூட வளர்த்ததில்லை.

மறுநாள் மேக்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டின் கயிற்றை என் கையில் கொடுத்து, ஆறு நாய்கள் நின்ற வரிசையில் நிறுத்தினார்கள். மற்ற நாய்கள் என்ன செய்தாலும் நம் நாய் அசையாமல் உட்கார வேண்டும். பக்கத்தில் நின்ற கறுப்பு ராட்வீலர் உறுமியது. அது பாய்ந்துவிடும் என்று பயந்து, கயிற்றை இறுக்கி இழுத்தேன். மேக்ஸ் பாய்ந்து ராட்வீலரின் காதைக் கவ்விவிட்டது. இரண்டையும் பிரித்துவிட்ட டிரெய்னர் செல்வம் அண்ணன், திருநெல்வேலிக்காரர், நாயை விட்டுவிட்டு என்னை முறைத்தார்: "ஏலே, நாய் சும்மாத்தான இருந்துச்சு. நீ இழுத்ததும், சண்டைக்குச் சொல்லுதான்னு நெனச்சிட்டு."

ஜமால் சொன்னது

ரூமில் என்னுடன் கீழக்கரை ஜமால். பக்கத்துக் குடோனில் ஸ்டோர்கீப்பர். நாயின் எச்சில் பட்ட உடுப்போடு வந்தால் அவன் தொழுகைக்கு இடைஞ்சல் என்பதால், வெளிக்குழாயில் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். ஒருநாள் என் இடுப்பு பெல்ட்டின் ஒரு முனையை அவனிடம் கொடுத்து, "நான் இழுக்குறேனான்னு மட்டும் சொல்லு" என்றேன். கண்ணை மூடி அந்த ராட்வீலரை நினைத்தேன். ஜமால் சிரிக்கவே இல்லை. "அண்ணே, நெனச்சதுக்கே என்னைய இழுத்துட்டீகளே, நேர்ல பாத்தா உங்க நாய் என்னண்ணே செய்யும்?"

இருபது தப்படி

பயிற்சி முடிவில் வைக்கும் டெஸ்டில் தவறினால் விசா கேன்சல். வந்து மூன்று மாதம்கூட ஆகாமல் ஊரில் போய் எப்படி முகம் காட்டுவது? ராட்வீலர் பயத்தோடு இந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. டெஸ்ட் என்பது இதுதான்: மேக்ஸை உட்கார வைத்து, கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இருபது தப்படி நடக்க வேண்டும். அந்த நேரத்தில் ராட்வீலரை அதன் முன்னால் நடத்திப் போவார்கள்.

"ஸ்டே" என்றேன். கயிற்றைப் போட்டுவிட்டு நடந்தேன். பத்தாவது தப்படியில் பின்னால் உறுமல் கேட்டது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். ஓடத் தோன்றியது. எப்படியோ இருபதை எண்ணித் திரும்பினால், மேக்ஸ் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. ராட்வீலர் அதைத் தாண்டிப் போயிருந்தது. செல்வம் அண்ணன் என் முதுகில் தட்டினார்: "பாத்தியாலே, உன் கையில இல்லாதப்பம் அது எவ்வளவு நல்ல நாயா இருக்கு!"

பாஸ் ஆகிவிட்டால் பயம் போய்விடும் என்று நம்பியிருந்தேன். பாஸ் ஆனவனுக்குத்தான் விசா இருக்கும் இரண்டு வருஷமும் அதே நாயோடு டியூட்டி என்பதை எனக்கு யாருமே முன்னால் சொல்லவில்லை.