பெண் பார்க்க வந்தவர் புடவையில் ஒரு பூச்சி

எனக்குப் பூச்சிப் பைத்தியம். அதிலும் செடியில் ஊசிமூக்கைக் குத்திச் சாறு உறிஞ்சுகிற நாவாய்ப் பூச்சிகள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். போனில் ஒரு குட்டி லென்சை மாட்டிக்கொண்டு அவரைப் பந்தலுக்கு அடியில் குந்தியிருப்பேன். "மருமவ வேல செய்றான்னு பாத்தா பூச்சிக்குப் போட்டோ புடிக்கிறா" என்று ஜமுனாமரத்தூர் சந்தை வரைக்கும் மாமியார் சொல்லி வைத்திருக்கிறார்.

போன தையில் நாத்தனாரைப் பெண் பார்க்கச் செங்கத்திலிருந்து ஜீப் வைத்துக்கொண்டு வந்தார்கள். மலையை விட்டு இறங்கி டவுனில் குடியேறிவிட்ட சொந்தக்காரர்கள். அதற்கு முன் வந்த இடமெல்லாம் ஏதோ ஒரு சாக்கில் தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமென்று வீடே தவித்தது. நாத்தனார் மட்டும் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று வாயே திறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்கார்ந்து காபியை வாங்கினார். மூலையில் அடுக்கியிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கோணிகளிலிருந்து பழுப்பாக ஒன்று ஓடிவந்து அவருடைய பட்டுப் புடவையில் ஏறியது.

"இன்னாங்க, வூட்ல மூட்டப்பூச்சியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததே கிடையாது.

நான் பாய்ந்து அதை டம்ளரில் பிடித்தேன். "மூட்டப்பூச்சி இல்லீங்க. இது மல்லாட்டைய உறிஞ்சுறது. முதுகுல றெக்க இருக்குது பாருங்க, மூட்டப்பூச்சிக்கு ஏதுங்க றெக்க? ரெண்டும் தூரத்துச் சொந்தந்தான், ஆனா..."

சம்பந்தம் பேச வந்தவர்களிடம் சொந்தத்தை இழுத்திருக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சொல்றது மெய்தான். மூட்டப்பூச்சி இந்த ஓட்டம் ஓடாது. பகல்ல தல காட்டாது. கட்டில் சந்துல பூந்துக்கினு, எத்தினி வாட்டி சுடுதண்ணி ஊத்தினாலும் திரும்ப..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, "டவுன் வூடுன்னா அப்டித்தான், வுடுங்க. காபி ஆறுது" என்றார், மகாராணி மாதிரி.

சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினேன். அங்கே நாத்தனார் கதவிடுக்கில் நின்று அவ்வளவையும் கேட்டிருந்தாள். போச்சு, இதுவும் கெட்டது, அதுவும் என்னால் என்று நினைத்தேன்.

அவள் மாப்பிள்ளை இருந்த பக்கம் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, மூட்டப்பூச்சிக்கு இன்னா மருந்து அடிக்கணும்?"

நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.