நீல ஜாக்கெட் இல்லாத தோழர்

செய்தி கனகண்ணையின் மகளிடமிருந்து வந்தது. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருந்தேன். இங்கே பிறந்த பிள்ளை அவள். என்னோடு எப்போதும் டேனிஷில்தான் கதைப்பாள். அன்று தமிழில் தொடங்கினாள். "அன்ரி, அப்பா போயிட்டார்." அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. மிச்சத்தை டேனிஷில் சொன்னாள். காலைத் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், எழும்பவில்லை.

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் பேருந்து ஓட்டிய கனகசபையைப் பலருக்குத் தெரியும். தோழர் கனகண்ணையை அறிந்தவர்கள் குறைவு. எங்களுடையது சின்ன இடதுசாரி வட்டம். இலங்கை அரசையும் விமர்சித்தோம், புலிகள் இயக்கத்தையும் விமர்சித்தோம். அதனால் கோயில் திருவிழாவில்கூட எங்களுக்குப் பக்கத்தில் இருக்க ஆட்கள் யோசித்தார்கள். எல்லைக்கு அப்பால், ஜெர்மனியின் பிளென்ஸ்பேர்க்கில், எங்களுக்கு ஒரு கிளை இருந்தது. அங்கே சிங்களத் தோழர்களும் இருந்தார்கள். அந்தக் கிளையைக் கொண்டு நடத்திய யோகன், கனகண்ணையோடு ஊரில் ஒரே தொழிற்சங்கத்தில் இருந்தவர்.

போரின் கடைசி மாதங்கள். வன்னியில் அகப்பட்ட சனங்களுக்காகத் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஓர் அறிக்கையை இரண்டு கிளைகளும் எழுதிக்கொண்டிருந்தன. கனகண்ணையின் தங்கை அந்தச் சனங்களுக்குள் இருந்தார். கனகண்ணை அதைக் கூட்டத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. வரைவை வாசிக்கும்போது மட்டும் "குழந்தைகள்" என்ற சொல்லுக்கு முன்னால் "எங்கள்" என்று சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தார்.

அந்த நேரத்தில்தான் பேர்லினிலிருந்து ஒரு தோழர் வந்தார். நன்றாகப் படித்தவர், எங்கள் இடதுசாரிப் பாஷையிலேயே பேசுபவர். திரும்பிப் போன பிறகு எங்கள் செயலாளர் தவத்துக்குத் தொலைபேசி எடுத்தார். யோகன் அரசின் ஆளாம். நீல ஜாக்கெட் போட்டுக்கொண்டு தூதரகமொன்றுக்குள் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்களாம். எங்கள் பெயர்கள் எல்லாம் அங்கே போய்விட்டனவாம்.

வேறு ஆட்களாக இருந்தால் யோகனுக்கு எடுத்து நாலு ஏச்சு ஏசியிருப்பார்கள், விஷயம் அன்றைக்கே வெளித்திருக்கும். நாங்கள் மார்க்சியர்கள். விசாரணைக் குழு அமைத்தோம். விசாரணை முடியும்வரை ஜெர்மன் கிளையோடு எவரும் எந்தத் தொடர்பும் வைப்பதில்லை என்று தீர்மானம் போட்டோம். அறிக்கை அப்படியே நின்றது.

அடுத்த சனிக்கிழமை கனகண்ணை காரை எடுத்தார். டென்மார்க்கில் எல்லோரும் செய்வதுபோல மலிவாகச் சோடா வாங்க எல்லைக்குப் போவதாக மனைவியிடம் சொன்னார். எல்லைக் கடையையும் தாண்டிப் போய் யோகனின் வீட்டு மணியை அடித்தார். அங்கே நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"யோகன், நீ அரசாங்கத்தின்ர ஆளோ?"

"நீதான் எண்டெல்லோ எங்களுக்குச் சொல்லியிருக்கு."

"ஆர் சொன்னது?"

"பேர்லின் தோழர். நீல ஜாக்கெட்டோட நீ தூதரகத்துக்குள்ள போனனியாம்."

"என்னட்டை நீல ஜாக்கெட்டே இல்லையடா."

"என்னட்டையும் இல்லை. வா, உள்ளுக்க வா, குளிருது."

அந்தப் பின்னேரம் முழுக்கச் சிரித்தார்களாம். பிறகு யோகன் அழுதாராம். கனகண்ணை அதைச் சொல்லவில்லை, யோகன்தான் சொன்னார்.

கனகண்ணை கண்டுபிடிப்போடு எங்கள் கூட்டத்துக்கு வந்தார். ஒரே கதையை இரண்டு பக்கமும் பெயரை மாற்றி விற்றிருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினார். தவம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தோழர், முதலாவது விடயம், நீங்கள் தீர்மானத்தை மீறியிருக்கிறியள்" என்றார்.

"நான் சோடா வாங்கப் போனனான். வழியில யோகன்ர வீடு இருந்தது."

"எல்லைக் கடை இங்கால. யோகன்ர வீடு அங்கால."

"ஓம், கொஞ்சம் கூடத்தான் ஓடிட்டன்."

நாங்கள் சிரித்தோம். ஆனாலும் யாரோ ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்தே இந்தக் கதையைச் சோடித்திருக்கலாம்தானே என்று கேட்டார். சிரிப்பு நின்றது. சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அதற்குப் பிறகு அனுப்பியவருக்கு வேலையில்லை. மிச்சத்தை நாங்களே செய்தோம். கனகண்ணையை வெளியேற்றுவதாகத் தீர்மானம் வந்தது. எல்லோருடைய கையும் உயர்ந்தது, அவருடையதும்தான். "மீறினது உண்மைதானே" என்றார். எழும்பிப் போய்க் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். "உறுப்பினருக்குத்தான் கூட்டம். தேத்தண்ணி வெளியாளும் போடலாம்."

அறிக்கை வரவேயில்லை. மே மாதத்தில் போர் முடிந்தது. கனகண்ணையின் தங்கையைப் பற்றி ஒரு செய்தியும் பிறகு வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, அரசின் வெற்றி விருந்து ஒன்றின் படம் எங்களுக்குள் சுற்றியது. அமைச்சர் ஒருவருக்குப் பின்னால் பேர்லின் தோழர் நின்றார், நீல ஜாக்கெட்டோடு. நான் அதைக் கனகண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"ஜாக்கெட் ஆரின்ர எண்டு இப்ப தெரிஞ்சுது" என்றார்.

நான் கேட்டேன். "அந்த அறிக்கை வந்திருந்தா ஏதும் மாறியிருக்குமோ அண்ணை?"

"போர் நிண்டிருக்காது தங்கச்சி. ஆனா அண்டைக்கு நாங்கள் எல்லாரும் ஒரு இடத்தில நிண்டு அழுதிருக்கலாம். அதைத்தான் அவங்கள் எடுத்துப்போட்டாங்கள்."

வட்டம் அதற்குப் பிறகு தேய்ந்துவிட்டது. சிலர் இஷொய் நகரப் பக்கம் வீடு மாறிப் போனார்கள், சிலர் வருவதை நிறுத்தினார்கள். அவரை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். தீர்மானம் போடத் தேவையான ஆட்கள் ஒருபோதும் ஒன்றாகக் கூடவில்லை. "இன்னும் வெளியாள்தான்" என்று ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் அவர் பகிடி விடுவார். எனக்கு அது பகிடியாகவே கேட்டது. "அதை மட்டும் அப்பா ஒருநாளும் பகிடியா எடுக்கேல்லை" என்று அவருடைய மனைவி செத்தவீட்டில்தான் சொன்னார். அவரும் பிள்ளைகளுக்காகக் கணவரை அப்பா என்றே அழைப்பவர்.

இறுதி நிகழ்வு முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். யோகன் பிளென்ஸ்பேர்க்கிலிருந்து வந்திருந்தார். வருகிற வழியில் எல்லைக் கடையில் வாங்கிய சோடாப் பெட்டிகளைச் சுவரோடு அடுக்கி வைத்திருந்தார். தவம், இப்போது ஊன்றுகோலோடு, மெல்ல எழும்பினார். பழைய கூட்டக் குரலில் "தோழர்கள்" என்றார். மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"தோழர் கனகசபையை வெளியேற்றின தீர்மானத்தை ரத்துச் செய்யிறதா நான் பிரேரிக்கிறன்."

பழைய ஆட்கள் கொஞ்சப் பேர் கை உயர்த்தினோம். யோகனும் உயர்த்தினார்.

"ஜெர்மன் கிளைக்கு இதில வாக்கு இல்லை" என்றார் தவம். குரல் உடைந்துவிட்டது.

"நான் சோடா கொண்டந்த ஆள்" என்றார் யோகன். கையை இறக்கவில்லை. கடைசி மேசையில், ஒன்றும் விளங்காமல் இருந்த கனகண்ணையின் பேரப்பிள்ளையும் கையை உயர்த்தியது.

கனகண்ணையிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. வேலையிடத்திலோ சொந்தத்துக்குள்ளோ யாரையாவது பற்றி ஒரு கதை என் காதுக்கு வந்தால், நான் கார்ச் சாவியைத் தேடுகிறேன். ஆளின் வீட்டுக்குப் போய் மணியை அடித்து, முகத்துக்கு நேரே கேட்கிறேன். தூரமாக இருந்தால், வழியில் சோடாவும் வாங்கிக்கொள்ளலாம்.